பதினோரு ஆண்டு, ஒருநாள் குஞ்சுகள்

1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் வில்லோ ஃபோர்க் தபால் நிலையத்துக்கு வந்த கோழிக்குஞ்சுப் பெட்டி, 1948ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. உள்ளே இருந்த குஞ்சுகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. அப்போதும் அவற்றின் வயது ஒரு நாள்தான். அந்த வாரம் முட்டை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, சாலையெல்லாம் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது.

அயோவாவில் எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்குக் குஞ்சுகள் தபாலில்தான் வரும். பொரிப்பகத்தில் காலையில் ஓட்டை உடைத்து வெளியே வந்தவற்றை, ஈரம் காய்ந்ததும் பக்கவாட்டில் துளை போட்ட அட்டைப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றிவிடுவார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு தீனியும் தண்ணீரும் இல்லாமல் மூன்று நாள் தாங்கும். தாங்காதது குளிரைத்தான். அதனால் பெட்டி நிறைய இருக்க வேண்டும். ஒன்றின் சூட்டில் இன்னொன்று பிழைக்கும். நூறு குஞ்சுக்கு நான்கு அறை, அறைக்கு இருபத்தைந்து, வழியில் செத்தாலும் கணக்குக் குறையாமலிருக்க மேலே ஒன்றிரண்டு. நூறு வாங்க வசதியில்லாத வீடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரு பெட்டி வரவழைக்கும். அதற்குப் பங்குப் பெட்டி என்று பெயர். ஒரு வருடம் ஒருவன் முன்னால் வந்து உயிருள்ளதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, செத்ததைப் பங்காளிக்கு விட்டுப் போனான். அதிலிருந்து எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. பங்குப் பெட்டியை இரண்டு பங்குக்காரர்களும் சேர்ந்து வந்து, போஸ்ட்மாஸ்டர் முன்னால் திறந்து, உயிரையும் சரிபாதி, சாவையும் சரிபாதி பிரித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைப்படையில் ஒன்று மிஞ்சினால் அது போஸ்ட்மாஸ்டருக்கு.

போஸ்ட்மாஸ்டர் வெர்னா ஹாக். முப்பத்து நான்கு வயது, நெட்டை, கல்யாணமாகாதவள். மார்ச் பிறந்துவிட்டால் அவளுக்குத் தூக்கம் கிடையாது. விடியும் முன் வரும் ரயிலில் பெட்டிகள் இறங்கும். அவற்றை அடுப்போரம் அடுக்கிவைத்து, ஒவ்வொரு பண்ணைக்கும் தொலைபேசியில் மணியடித்து, "உங்க குஞ்சு வந்திருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் அந்த வாக்கியம் அவள் வாயில் தேய்ந்துபோய்விடும். நின்றபடி தூங்குவாள். தபால்தலையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த வருடம் ஸிக்னியும் தோராவும் சேர்ந்து ஒரு பங்குப் பெட்டி வரவழைத்தார்கள். அக்காள் தங்கை. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளில் வாழ்க்கைப்பட்டவர்கள், இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இறைக்க ஒரே காற்றாடிதான். அக்காள் ஸிக்னிக்கு வரிக்கோழி வேண்டும், கறிக்கும் ஆகும், குளிரும் தாங்கும். தங்கை தோராவுக்கு வெள்ளை லெக்ஹார்ன் மேல் ஆசை, முட்டை அதிகம். கடைசியில் அக்காள் சொன்னபடி வரிக்கோழி என்று முடிவாயிற்று. எழுதிப் போட்டது தோரா. இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது, தோரா யாரிடமோ லெக்ஹார்னைப் புகழ்ந்து பேசியது ஸிக்னியின் காதில் விழுந்தது.

"மாத்தி எழுதிட்டியா?" என்றாள் ஸிக்னி.

"எதை?"

"உன் மூஞ்சியே சொல்லுதுடி. மாத்தித்தான் எழுதியிருக்க."

"இல்லக்கா. நீ சொன்னதைத்தான் எழுதினேன்."

"சின்ன வயசுலயே நீ இப்படித்தான். தலையை ஆட்டுவ, அப்புறம் உன் இஷ்டத்துக்குச் செய்வ."

"ஆமா, நீ பெரிய மகாராணி. கோழி நிறத்தைக்கூட நீதான் சொல்லணும்."

அறுபது பேர் கையில் கோப்பையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட உறிஞ்சவில்லை. அதன் பிறகு அக்காளும் தங்கையும் பேசவில்லை. அந்த வாரமே இரண்டு பண்ணைக்கும் நடுவில் வேலி வந்தது. காற்றாடி வேலியின் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தண்ணீர் இறைத்தது.

பெட்டி வந்த காலை வெர்னா இரண்டு வீட்டுக்கும் மணியடித்தாள். முதலில் வந்தது தோரா. அக்காள் வருவதற்குள் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய அவசரம். தான் வரிக்கோழி என்றுதான் எழுதினாள் என்று அவள் சொன்னாள். ஆனால் சரக்குத் தீர்ந்தால் பொரிப்பகத்தார் அவர்களாகவே வேறு இனத்தை வைத்து அனுப்புவதுண்டு. உள்ளே லெக்ஹார்னின் மஞ்சள் குஞ்சு இருந்துவிட்டால் அக்காள் காலத்துக்கும் நம்பமாட்டாள். வெர்னா அன்று காலையிலிருந்து பதினேழு பெட்டி தூக்கியிருந்தாள். வழக்கத்தைச் சொன்னாள். தோரா கேட்கவில்லை. "செத்துப்போயிடும் வெர்னா, மூணு நாள்தானே தாங்கும், ஒரு நாள் ரயில்லயே போயிடுச்சே" என்று அழுதாள். வெர்னாவுக்கு அலுத்துவிட்டது. வலது கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வர்ற வரைக்கும் இதுங்களுக்கு மூணு நாள் ஆரம்பிக்காது, போதுமா? போய் அக்காவைக் கூட்டிட்டு வா" என்றாள். ஆளை அனுப்புவதற்காகச் சொன்னதுதான். ஆனால் தபால் நிலையத்துக்குள், போஸ்ட்மாஸ்டர், பொருளின் மேல் கைவைத்துச் சொன்னது. குஞ்சுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

தோரா அக்காளைக் கூட்டிவரவில்லை. ஸிக்னிக்கும் வர மனமில்லை. உள்ளே வரிக்கோழியே இருந்துவிட்டால், அறுபது பேர் முன்னால் பேசிய பேச்சுக்குத் தங்கையிடம் அவள் என்ன சொல்வாள்? மூன்று நாள் ஆயிற்று, நான்காயிற்று. வெர்னா மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியருகே போனாள். நாற்றம் இல்லை. முதல் நாள் கத்திய மாதிரியே கத்திக்கொண்டிருந்தன. ஒரு மாதம் கழித்தும் அப்படியே. கொல்லன் வந்து கயிற்றை அறுத்துப் பார்த்தான். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி மறுபக்கம் வந்தது, கயிறு இருந்தபடியே இருந்தது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக வெர்னா பெட்டியின் மேல் கைவைத்துப் பலமுறை சொன்னாள். அன்பாகச் சொன்னாள், திட்டியும் சொன்னாள், ஒருமுறை தன் தாய்வழி நார்வே மொழியிலும் சொன்னாள். குஞ்சுகள் காதில் வாங்கவில்லை. அந்தக் கோடையில் பொரிப்பகமும் மூடப்பட்டதால் திருப்பி அனுப்பவும் இடமில்லை.

பெட்டியிலிருந்து சூடு வந்தது. நூறு குஞ்சின் சூடு ஒரு நாளைக்கு எவ்வளவோ அவ்வளவுதான், ஆனால் அது தீரவேயில்லை. அக்டோபரில் தபால் நிலையத்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கவில்லை. ஜனவரியில் வெளியே மூக்கு நுனி உதிர்ந்துவிடும்போல் குளிர் அடித்தபோதும் உள்ளே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். பெண்கள் பிசைந்த ரொட்டி மாவைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்து, தபாலை வாங்கிப் படித்து முடிப்பதற்குள் பொங்கிய மாவை எடுத்துப் போனார்கள். புதன்கிழமை இன்னார், வியாழக்கிழமை இன்னார் என்று முறை வைத்துக்கொண்டார்கள். குறைப்பிரசவத்தில் பிறந்த ஓலெஸன் வீட்டுக் குழந்தையை ஒரு வாரம் அதன் பக்கத்தில் படுக்கவைத்துப் பிழைக்கவைத்தார்கள். அவன் இப்போது நல்ல உயரமாக இருக்கிறான், டிராக்டர் ஓட்டுகிறான்.

துளை வழியாகப் பார்க்கலாம். பார்க்காதவர்கள் ஊரில் இல்லை. ஆனால் தோரா பக்கம் பேசுகிறவர்களுக்குக் கறுப்புக் குஞ்சுகள் தெரிந்தன, உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டோடு, வரிக்கோழிக் குஞ்சு எப்படி இருக்குமோ அப்படி. ஸிக்னி பக்கத்துக்காரர்களுக்கு மஞ்சள் தெரிந்தது. ஸிக்னி திங்களும் வியாழனும் தபாலுக்கு வருவாள். தோரா செவ்வாயும் வெள்ளியும். ஆளுக்கொரு துளையில் கண் வைத்து, "நான் சொன்னேன்ல" என்று வெர்னாவைப் பார்ப்பார்கள். வெர்னாவுக்கு மட்டும் இருட்டுதான் தெரிந்தது. "எனக்கு ரெண்டு பேர் மேலயும் அக்கறை இல்ல, அதான்" என்பாள்.

இதில் நஷ்டப்பட்டவள் அவள் ஒருத்திதான். தபால் ரயிலில் ஆர்லோ டெம்பிள் என்று ஒருவர் வேலை பார்த்தார். ஓடும் வண்டியில் கடிதம் பிரிக்கிற வேலை. எங்கள் ஊரில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் சாக்குகளைத் தள்ளிவிட்டு, சாக்குகளை வாங்கிக்கொண்டு, வெர்னாவோடு நாலு வார்த்தையும் பேசுவார். அவருக்கு ஒரேகானில் அண்ணன் விட்டுப்போன பேரிக்காய்த் தோட்டம் இருந்தது. பெட்டி வந்த வருடம்தான், ரயில் கதவில் நின்றபடி, கல்யாணம் செய்துகொண்டு அங்கே போய்விடலாமா என்று கேட்டார். வெர்னா சரி என்றாள். இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். ஒரு வாரத்தில் முடிகிற வேலை என்று இருவருமே நினைத்தார்கள்.

வேறு யாரிடமாவது விட்டுப் போகவும் முடியவில்லை. கொல்லன் மனைவியிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒருமுறை பல் பிடுங்கிக்கொள்ளப் பக்கத்து ஊருக்குப் போனாள். வெர்னா கண்ணுக்கு மறைந்ததும் குஞ்சுகள் வீறிட ஆரம்பித்தன. எங்கள் பக்கம் முப்பது வீட்டுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி. யார் வீட்டுக்கு மணியடித்தாலும் எல்லார் வீட்டிலும் அடிக்கும், எல்லாரும் எடுத்துக் கேட்பார்கள். அன்று முப்பது வீட்டுத் தொலைபேசியிலும் குஞ்சு கத்தியது. எடுத்தாலும் கத்தியது, வைத்தாலும் கத்தியது. பாதி மயக்கத்தில், வாயில் பஞ்சோடு வெர்னா திரும்பி வந்து பெட்டியின் மேல் கைவைத்த பிறகுதான் அடங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடலாம்தான். அடுத்தவர் பேர் எழுதிய பொருளைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் அவள் இல்லை. தேவாலயத்துக்கு மட்டும் கையோடு எடுத்து வருவாள், கடைசி பெஞ்சில் வைத்துக்கொள்வாள். பாதிரியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் சத்தமாகச் செய்யப் பழகிக்கொண்டார்.

வருடங்கள் போயின. தபால் இலாகாவிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை, இரண்டு தபால்தலை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் போய்விட்டார். போர் வந்தது. பையன்கள் போனார்கள், நிலக்கரி கிடைப்பது கஷ்டமாயிற்று. குளிர்காலத்தில் ஊரே தபால் நிலையத்தில் வந்து உட்கார்ந்தது. ஊர்க் கூட்டத்தில், அக்காளையும் தங்கையையும் சமாதானப்படுத்தும் வேலையை யாரும் செய்ய வேண்டாம் என்று கைதூக்கி முடிவெடுத்தார்கள். வெர்னா கை தூக்கவில்லை. யாரும் அவளைக் கவனிக்கவும் இல்லை. அவளுக்குக் காதுக்குள் எப்போதும் கீச்சொலி. முகம் பெட்டியைப் பார்த்த பக்கம் சிவந்தும் மறுபக்கம் வெளுத்தும் போயிருந்தது. ஆர்லோ ஒவ்வொரு வசந்தத்திலும் கதவில் நின்று, "என்ன, கொடுத்தாச்சா?" என்பார். "இல்ல" என்பாள். "சரி, பேரிக்காய் எங்கயும் ஓடிப்போகாது" என்பார். வண்டி நகரும். சில வருடம் கேட்பதற்குப் பதில் புருவத்தை மட்டும் தூக்குவார், அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

1948 ஏப்ரலில் ஒரு காலை ஆர்லோ சாக்கைத் தள்ளிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தலையில் பாதி முடி இல்லை. வெர்னா அதை அன்றுதான் பார்த்தாள்.

"அடுத்த வாரத்திலிருந்து இந்த வண்டி இங்க நிக்காது வெர்னா. தபாலை லாரியில கொண்டுவரப்போறாங்க."

"அப்போ நீங்க?"

"நாளைக்குக் கடைசி ஓட்டம். அதோட வேலையை விட்டுட்டு ஒரேகான் போறேன். எனக்கும் ஐம்பத்து மூணாயிடுச்சு. மரத்துல ஏற இன்னும் கொஞ்ச வருஷம்தான்."

வண்டி கிளம்பியது. வெர்னா சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெட்டியின் மேல் யாருடைய மாவோ பொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு தொலைபேசியின் பிடியைச் சுழற்றி, ஒரே நீளமான மணி அடித்தாள். தீ, புயல், குழந்தை காணவில்லை, இதற்கு மட்டும் அடிக்கிற மணி அது. முப்பது வீட்டிலும் எடுத்தார்கள். முப்பது வீட்டு மூச்சும் கம்பியில் கேட்டது.

"வெர்னா பேசறேன். ஸிக்னி, தோரா. உங்க குஞ்சு வந்திருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க."

எங்கோ ஒரு வீட்டில் நாய் குரைத்தது, யாரோ அதை அதட்டினார்கள்.

"என்ன நிறம்னு எனக்குத் தெரிய வேண்டாம்," என்றாள் வெர்னா. "யார் சொன்னது நிஜம்னும் தெரிய வேண்டாம். எனக்கு அலுத்துப்போச்சு. நாளைக்கு ரயில்ல நான் போகணும்."

"போனா நாங்க எங்க போய்க் குளிர்காயறது?" என்று யாரோ ஒரு ஆண் குரல் முனகியது.

"உன் பொண்டாட்டிகிட்ட போ, எட்வின்," என்றாள் இன்னொருத்தி. கம்பியில் சிரிப்பு ஓடி அடங்கியது.

பிறகு ஸிக்னியின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கும் வயதாகியிருந்தது.

"தோரா. லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"பால் கறந்தாச்சா?"

"இன்னும் ரெண்டு மாடு இருக்கு."

"முடிச்சுட்டு வா. என் வண்டியிலயே போயிடலாம். உன் வண்டி சேத்துல மாட்டிக்கும்."

"என் வண்டி ஒண்ணும் மாட்டாது," என்றாள் தோரா. ஆனால் அக்காளின் வண்டியில்தான் வந்தாள்.

தபால் நிலைய வாசலில் ஊர் நின்றது. வெர்னா கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள், தங்கை மறுமுனையை. சாதாரண முடிச்சுதான், அவிழ்ந்தது. மூடியைத் தூக்கினார்கள். உள்ளே கறுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. அத்தனையும் துரு நிறத்தில், ரோட் ஐலண்ட் சிவப்பு என்கிற வேறொரு இனத்துக் குஞ்சுகள். சரக்குத் தீர்ந்துபோய்ப் பொரிப்பகத்தார் கையில் கிடைத்ததை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். எந்தச் சரக்குத் தீர்ந்தது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

ஸிக்னி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நீ என்னதான் எழுதின?" என்று கேட்டாள்.

தோரா பெட்டியைப் பார்த்தாள். "ஞாபகம் இல்லக்கா," என்றாள். "நிஜமாவே இல்ல. வரிக்கோழின்னு எழுதினேன்னு சொல்லிச் சொல்லி, எழுதினப்ப என்ன நினைச்சேன்னே மறந்துபோச்சு."

அதற்குள் மூடி திறந்த குளிரில் குஞ்சுகள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. பதினோரு ஆண்டு நின்றிருந்த மூன்று நாள் இப்போது ஆரம்பித்துவிட்டது. அதிலும் ஒரு நாள் ரயிலிலேயே போயிருந்தது. "தண்ணி எங்க?" என்றாள் ஸிக்னி. வெர்னா வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை கலந்து இரண்டு தட்டில் கொண்டுவந்தாள். பயணம் வந்த குஞ்சுக்குத் தானாகக் குடிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து அலகைத் தண்ணீரில் நனைத்துக் காட்ட வேண்டும், அது தலையைத் தூக்கி விழுங்கினால் பிழைத்தது என்று அர்த்தம். அக்காளும் தங்கையும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். எடுத்து, நனைத்து, விழுங்குகிறதா என்று பார்த்து, தன் கூடையில் விட்டு, அடுத்ததை எடுத்தார்கள். "மூக்கு நனையுது பாரு, மெதுவா" என்றாள் ஸிக்னி. "எனக்குத் தெரியும்" என்றாள் தோரா. ஒன்றுகூடச் சாகவில்லை. ஆளுக்கு ஐம்பது போனது. ஒன்று மிஞ்சியது.

"அது உன்னோடது" என்றாள் ஸிக்னி. வெர்னா அதை எடுத்துப் பார்த்தாள், கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தட்டில் தண்ணீர் தீர்ந்திருந்தது. போய்க் கொண்டுவர அவளுக்குக் களைப்பாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அக்காளும் தங்கையும் அவள்மேல் ஒரு தபால் சாக்கைப் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை ரயில் நின்றபோது ஆர்லோ புருவத்தைத் தூக்கினார். அவள் தலையை ஆட்டவில்லை, படியில் ஏறிவிட்டாள். பெட்டி படுக்கை எதுவும் கொண்டுவரவில்லை.

அன்றே தபால் நிலையம் குளிர்ந்துபோயிற்று. புது போஸ்ட்மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்தார், அது புகைந்தது. மாவு பொங்க நேரமாகிறது என்று பெண்கள் ஒரு வருடம் குறைபட்டுக்கொண்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நூறு குஞ்சும் எல்லாக் குஞ்சையும் போல வளர்ந்தன, பெட்டைகள் இலையுதிர் காலத்தில் முட்டையிட ஆரம்பித்தன. பழுப்பு முட்டை. எங்கள் சந்தையில் வெள்ளை முட்டைக்குத்தான் விலை கொஞ்சம் அதிகம். அக்காளும் தங்கையும் வேலிக் கம்பங்களைப் பிடுங்கினார்கள், யாருக்கு எத்தனை கம்பம் என்பதில் மறுபடி சண்டை வந்தது, அது ஒரு மாதத்தில் தீர்ந்தது. இப்போது செவ்வாய்க்கிழமை ஒரே வண்டியில் தபாலுக்கு வருகிறார்கள். வண்டியில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஓலெஸன் வீட்டுப் பெரியவர் சில வருடத்துக்குப் பின் ஒரேகானில் மகளைப் பார்க்கப் போனபோது வெர்னாவையும் பார்த்துவிட்டு வந்தார். நன்றாக இருக்கிறாளாம், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாளாம், மத்தியானத்தில் தூங்குகிறாளாம். அந்த ஒரு குஞ்சு அவளுடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது, அதன் வயது ஒரு நாள். "அதுக்குத் தண்ணி காட்டவே மறந்துட்டேன், அதோட மூணு நாளும் மறுபடி நின்னுடுச்சு போல, இனி அது கேக்கறப்ப பாத்துக்கலாம்" என்றாளாம். அங்கே குளிர் அவ்வளவு இல்லை. இருந்தாலும் குளிர்காலத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை.